அடுத்த சைகை வரும்வரை

மார்ச் 3, திங்கள்

எனக்குப் பலவீனமே இல்லை என்பது இன்று எழுத்துபூர்வமாக நிரூபணமாகிவிட்டது.

கம்பெனியில் மேற்பார்வையாளர்கள் எல்லோரையும் ஏசி அறையில் அடைத்து ஒரு பரீட்சை வைத்தார்கள். நாம் எந்த மாதிரி ஆள் என்று கண்டுபிடிக்கவாம். அறுபது கேள்வி. "ஒரு முடிவு எடுக்கத் தாமதமானால் எரிச்சல் வருமா?" வரும். "பிறர் செய்வதைப் பார்த்தால், இதை நாமே செய்துவிடலாம் என்று தோன்றுமா?" தோன்றும். அந்தக் கேள்வித்தாளைப் பார்த்தபோதே தோன்றியது. வரிசை சரியில்லை, இரண்டு கேள்வி ஒன்றையே கேட்டது. ஓரத்தில் திருத்திக் கொடுத்தேன். பரீட்சை நடத்த வந்த பெண், "நீங்க எந்த வகைன்னு பேப்பர் திருத்தாமலே சொல்லிடலாம் சார்" என்று சிரித்தாள்.

மாலையில் முடிவு வந்தது. 'ஆணையிடும் தலைவர்' வகை. தாளின் முன்பக்கம் என் பலங்கள்: வேகம், உறுதி, நெருக்கடியில் நிதானம், பிறரை இயக்கும் திறன். பின்பக்கம் பலவீனங்கள் இருக்க வேண்டுமாம். என்னுடையதில் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஜெராக்ஸ் எடுத்தவன் ஒரு பக்கத்தை விட்டுவிட்டான். வேறு தாள் தரவா என்று மேனேஜர் கேட்டார். வேண்டாம், இதுவே சரியாகத்தான் இருக்கிறது என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் மனைவியிடம் காட்டினேன். படித்தாள். திருப்பிப் பார்த்தாள். "ஒரு பக்கம் பத்தாதுன்னு விட்டுட்டாங்க போல" என்றாள்.

மார்ச் 5, புதன்

அப்பாவுக்கு என்ன வேலை என்று யாரோ கேட்டதற்கு மகள், "சைட்ல நின்னு கையாட்டுவார்" என்று சொல்லியிருக்கிறாள். பதினேழு வருடம் சோறு போட்டு வளர்த்ததற்குக் கிடைத்த மரியாதை.

கையாட்டுவதுதான். பதினான்கு மாடிக் கட்டடத்துக்கு வேண்டிய கம்பி, பலகை, கண்ணாடி எல்லாம் கோபுர கிரேனில்தான் மேலே போகிறது. உச்சியில், கண்ணாடிக் கூண்டில் ஆபரேட்டர். அவளுக்கு எங்கள் சைட்டில் 'மேல்வீடு' என்று பெயர். அங்கிருந்து பார்த்தால் நாங்கள் எறும்பு. அதனால் கீழே ஒருவர் நின்று கையால் சொல்ல வேண்டும்: தூக்கு, இறக்கு, இந்தப் பக்கம் கொண்டு வா. அந்த ஒருவர் நான். எல்லோரிடமும் வாக்கி டாக்கி இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. வாயைத் திறந்தால் பேச்சு வளரும். கை போதும்.

இந்தத் தொழிலில் ஒரு விதி: ஒருவர் சைகையை மட்டும்தான் ஆபரேட்டர் கேட்க வேண்டும். அருமையான விதி. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கூடவே ஒரு வால்: 'ஸ்டாப்' மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். இரண்டு கையையும் விரித்து டீ கொண்டுவருபவர் நின்றால்கூட இரண்டு டன் சுமை அந்தரத்தில் நிற்கும். இவர்களுக்கோ எதைப் பார்த்தாலும் பயம். காற்றில் பாலிதீன் பை பறந்தால் ஸ்டாப். பூனை ஓடினால் ஸ்டாப். போன மாதம் ஸ்டோர் சுவரில் ஒரு போர்டு மாட்டினேன். அநாவசியமாக ஸ்டாப் காட்டியவர் பெயர் அதில் ஏறும். நான்காவது முறை ஏறினால் என் அணியில் இடமில்லை.

சுமைக்குப் பட்டை கட்டுகிறவன் பெயர் மூன்று முறை ஏறிவிட்டது. அதிலிருந்து அவன் வாயைத் திறந்து யாரும் பார்க்கவில்லை. 'வாய்ப்பூட்டு' என்று கூப்பிடுகிறார்கள். நிம்மதியாக இருக்கிறது.

இன்று மேல்வீட்டோடு ஒரு தகராறு. நான் ஒரு லாரிக்குப் பின்னால் நாலு அடி நடந்தேன், அதற்குள் கிரேனை நிறுத்திவிட்டாள். ரேடியோவில் கேட்டேன்.

"ஆள் கண்ணுக்குத் தெரியலைன்னா நிறுத்தணும் சார். அதான் ரூல்."

"மறைஞ்சா செத்துட்டேன்னு அர்த்தமா? அடுத்த சைகை வர்ற வரைக்கும் கடைசியா காட்டினதுதான் செல்லும். இது என் ரூல்."

"சரி சார்."

மார்ச் 11, செவ்வாய்

இதை நாளைக்கு எழுதினால் பெருமையடித்ததாகிவிடும். இப்போதே எழுதுகிறேன்.

பதினொன்றரை மணிக்கு வானம் கறுத்து, சொல்லாமல் கொள்ளாமல் காற்று. ஒன்பதாவது மாடி உயரத்தில் ஒரு பெரிய இரும்புப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. காற்று அதைப் பட்டம் மாதிரி திருப்ப ஆரம்பித்தது. இரண்டு இன்ஜினியர்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் மேலே ஏற்று என்றார், ஒருவர் தரைக்கு இறக்கு என்றார். பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. ஏழாவது மாடித் தளம் காலியாக இருந்தது. அங்கே இறக்கினேன். பட்டையைக் கழற்ற வைத்தேன். கிரேனின் நீண்ட கையைக் காற்றுப் போக்கில் திரும்ப விடச் சொன்னேன். மேல்வீட்டை இறங்க வைத்தேன். மொத்தம் நான்கு நிமிடம். அவள் கடைசிப் படியில் கால் வைத்தபோது பக்கத்து ஷெட்டின் கூரை அப்படியே எழும்பிப் போனது.

ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. வாய்ப்பூட்டு தண்ணீர் பாட்டிலை நீட்டினான். வாங்கவில்லை. கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்க இஷ்டமில்லை.

அந்த நான்கு நிமிடம் நான் எதற்காகப் பிறந்தேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இன்ஜினியர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கலாம், நான் பார்க்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

இந்த வாரம் ஸ்டாப்: பூஜ்யம். போன மாதத்தைவிடப் பதினொரு மணி நேரம் மிச்சம். மேனேஜர் போர்டைப் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார். கம்பெனிக்கு இருக்கும் மூன்று சைட்டுக்கும் சேர்த்து ஒரே தலைமை மேற்பார்வையாளர் போடப் போகிறார்களாம். "உங்க பேர்தான் ஓடிட்டிருக்கு" என்றார்.

தலை இருக்க வால் ஆடக் கூடாது. அவ்வளவுதான் நிர்வாகம். இதற்கு அறுபது கேள்வி எதற்கு?

மார்ச் 16, ஞாயிறு

வீட்டில் சுத்தம் செய்யும் நாள். யார் எந்த அறை, எத்தனை நிமிடம் என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். சாப்பாட்டு மேசையை நகர்த்தப் போனால் தள்ளுவண்டி மாதிரி ஓடுகிறது. குனிந்து பார்த்தேன், நான்கு காலுக்கும் சக்கரம்.

"இது எப்ப மாட்டினே?"

"கூட்டறதுக்கு வசதி" என்றாள் மனைவி.

நல்ல யோசனை. எனக்கே தோன்றியிருக்க வேண்டும். பாராட்டினேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்குள் ஓடினாள். என்ன சிரிப்போ. தரையில் இரண்டு குண்டூசி கிடந்தது, அதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

ஸ்டாப் பூஜ்யம். வாய்ப்பூட்டு இன்று ஏதோ சொல்ல வந்தான். நிமிர்ந்து பார்த்தேன். போய்விட்டான்.

மார்ச் 27, வியாழன் (ஆஸ்பத்திரி)

ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனை குழிக்குள் விழும்போது சுற்றி நின்று பதினொரு பேர் வேடிக்கை பார்த்த கதை யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும். நான்தான் ஆனை.

திங்கட்கிழமை காலை. இரண்டு டன் கம்பிக் கட்டு. அதைக் கட்டடத்துக்கு வெளியே புதிதாகத் தோண்டிய லிஃப்ட் குழிக்கு இந்தப் பக்கம் வைக்க வேண்டும். நான் பின்னால் நடந்துகொண்டே, கன்றுக்குட்டியை அழைத்து வருவதுபோல், வா, வா, இறக்கு, வா என்று கூட்டி வந்தேன். கண் மேலே. காலுக்குப் பின்னால் குழி. தச்சர்கள் அளவெடுக்க மூடியைக் கழற்றிவிட்டு, திருப்பி வைக்கவில்லை. நான் குழியை நோக்கிப் பதினைந்து அடி பின்னால் நடந்திருக்கிறேன். பதினைந்து அடி. பதினொரு பேர். அதில் எட்டுப் பேருக்கு நேர் எதிரே.

ஒருத்தன் — ஒரே ஒருத்தன் — "சார்"ங்கக் கூடாதா?

விழுந்தேன். ஆளுயரக் குழி. கால் மடங்கியபோது வந்த சத்தத்தை எழுதப் பிடிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். வானம் சதுரமாகத் தெரிந்தது. அந்தச் சதுரத்துக்குள் கம்பிக் கட்டு மெதுவாக, ஒழுங்காக, நான் பழக்கிய வேகத்தில், வந்து நின்று, இறங்க ஆரம்பித்தது.

மறைந்துவிட்டேன். கடைசியாகக் காட்டியது 'வா, இறக்கு.' அடுத்த சைகை வரும்வரை அதுதான் செல்லும். குழிக்குள்ளிருந்து நான் எந்தச் சைகையை யாருக்குக் காட்ட?

சதுரம் சின்னதாகிக்கொண்டே வந்தது. கத்தினேனா? நினைவில்லை. அப்புறம் கட்டு நின்றது. குழி விளிம்புக்கு ஒரு முழம் மேலே, ஆடாமல். யாரோ விளிம்பில் நின்று இரண்டு கையையும் விரித்திருந்தார்கள். நிழல் மட்டும் தெரிந்தது.

இதை எழுதாமல் விட்டால் நான் மனுஷன் இல்லை. உயிர் பிழைத்த அந்த நொடி, எலும்பு வெளியே தெரிகிற காலோடு, நான் முதலில் கத்தியது என்ன தெரியுமா?

"எவன்டா ஸ்டாப் காட்டினது?"

மார்ச் 31, திங்கள்

வீட்டுக்கு வந்து இரண்டு நாள். ஆறு வாரம் காலைத் தரையில் வைக்கக் கூடாது.

பத்து மணிக்கு மணி அடித்தது. கதவு திறந்தது. செருப்புகள் கழலும் சத்தம், ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, எட்டு ஜோடி. படுக்கையிலிருந்து எட்டிப் பார்த்தேன். சாப்பாட்டு மேசை சக்கரத்தில் உருண்டு ஹால் நடுவுக்குப் போனது. மகள் அறையிலிருந்து தையல் மெஷின்கள் வந்தன. ஐந்து. துணி விரிந்தது. கத்தரி எடுத்தார்கள். என் மனைவி கழுத்தில் டேப்போடு நடுவில் நின்று பாடம் நடத்தினாள். நான்கு வருடமாக நடக்கிறதாம். பத்திலிருந்து நாலரை வரை. பிறகு எல்லாவற்றையும் நான் வைத்த இடத்தில் வைத்துவிட்டு, கூட்டித் துடைத்து, எனக்காகக் காத்திருப்பார்களாம். "வீட்டில் கூட்டம் சேரக் கூடாது" என்று ஒரு முறை சொல்லியிருக்கிறேன், அதனால்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எட்டுப் பெண்களையும் ஐந்து மெஷினையும் மறைத்திருக்கிறாள். நான் குண்டூசிக்கு விசாரணை நடத்தியிருக்கிறேன்.

நாலு மணி வாக்கில் ஒரு பெண் கடிகாரத்தைப் பார்த்து, "அக்கா, ஆறுமணி வர்ற நேரமாச்சா?" என்று கேட்டாள். இன்னொருத்தி அவசரமாக அவள் கையைக் கிள்ளி என் அறையைக் காட்டினாள். ஆறுமணி என்பது நேரம் அல்ல. நான்.

ஏப்ரல் 2, புதன்

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேன். ஒழுங்கா நடத்த ஒரு டைம்டேபிள் போட்டுக் கொடுத்திருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்லல."

ஏப்ரல் 4, வெள்ளி

பொறுக்க முடியவில்லை. துணியை அவர்கள் வெட்டும் விதம் கொலை. படுக்கையிலிருந்து ஒரு தாளில் வரைந்து அனுப்பினேன். சைட்டில் கம்பியை எந்த நீளத்துக்கு எந்தத் துண்டு என்று திட்டம் போடுவோம், அதே முறை. வெட்டிப் பார்த்தார்கள். ஒரு சட்டைக்கு ஒரு சாண் துணி மிச்சமானது. ஹாலில் "அட!" என்று சத்தம். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே வேலைப் பங்கீடு, இடைவேளை, மெஷின் வரிசை என்று மேலும் ஐந்து தாள் அனுப்பினேன். அவை திரும்பி வரவில்லை.

மதியம் மனைவி ஒரு டப்பா கொக்கியும் பத்து ரவிக்கையும் கொண்டுவந்து மடியில் போட்டாள். "சும்மாதானே இருக்கீங்க." தைத்தேன். கூட்டத்திலேயே மூத்தவர் வந்து வாங்கிப் பார்த்தார். அறுபது வயதிருக்கும். "கோணலா இருக்கு தம்பி. பிரிச்சுட்டு மறுபடி தைங்க" என்றார்.

கடைசியாக என்னை ஒருவர் பிரிக்கச் சொன்னது எப்போது? யோசித்துப் பார்த்தேன். யோசித்துக்கொண்டே பிரித்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

மேனேஜர் பழக்கூடையோடு வந்தார். பழத்துக்கு அடியில் ஃபைல்.

விசாரணைக் குழு இருபத்துமூன்றாம் தேதி கூடுகிறது. என் வாக்குமூலத்தை எனக்குச் சிரமம் வேண்டாமென்று அவரே டைப் அடித்துக் கொண்டுவந்திருக்கிறார். சைகை காட்டுபவர் பார்வையிலிருந்து மறைந்த பின்னும் ஆபரேட்டர் சுமையை இறக்கினார். இது விதிமீறல். மறைந்தால் நிறுத்த வேண்டும் என்பது ஆபரேட்டருக்குத் தெரியும். குழியின் மூடி அகற்றப்பட்டது எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. படித்தேன். ஒவ்வொரு வரியும் உண்மை. மொத்தமாகப் பார்த்தால் பொய்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகும்?"

"லைசென்ஸ் போகும். வேற வழியில்ல சார். யாராவது ஒருத்தர் தலையில விழணுமில்ல?"

"என்மேல விழ இருந்துச்சு. அது போதாதா?"

சிரித்தார். நான் ஜோக் அடித்தேன் என்று நினைத்துவிட்டார். "கையெழுத்து போடுங்க. அடுத்த மாசம் மூணு சைட்டும் உங்க கையில. உங்களை மாதிரி ஆள் இல்லாம அங்க ஒண்ணும் நகரல. ஒரு பலகையை எங்க வைக்கறதுன்னு மூணு மீட்டிங் போட்டுட்டாங்க."

அதைக் கேட்டபோது சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்? ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. ஃபைலைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

வாய்ப்பூட்டு வந்தான். குழியில் கிடந்த என் ஷூவைக் கழுவி, ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். ஸ்டாப் காட்டிய நிழல் அவன்தான் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். அதற்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இன்றும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். பழக்கம்.

"நான் பின்னாடி நடந்தப்பவே ஏன் சொல்லல?"

"உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்குறீங்கன்னு எல்லாரும் நெனச்சோம் சார். உங்களுக்குத் தெரியாததா?"

"எல்லாரையும் விடு. நீ?"

தரையைப் பார்த்தான். "போர்டுல மூணு தடவை இருக்கு சார். நாலாவது ஆனா எடுத்துடுவேன்னு சொன்னீங்க."

"அப்புறம் ஏன் காட்டினே?"

"வேலை போனா வேற பாத்துக்கலாம்னு தோணிச்சு."

இவ்வளவுதான் சொன்னான். என் உயிரை அவன் அந்தக் குழியோரத்தில் தன் சம்பளத்தோடு நிறுத்துப் பார்த்திருக்கிறான். அப்படி நிறுத்துப் பார்க்கும் நிலைமைக்கு அவனைக் கொண்டுவந்து விட்டது யார்? நிறுத்துப் பார்க்க எத்தனை நொடி ஆகியிருக்கும்? அந்த நொடிகளில்தான் சதுரம் சின்னதானது.

"மேல்வீடு எப்படி இருக்கா?"

"அன்னிக்கு இறங்கி வந்து, ஏணிக்குக் கீழயே மூணு மணி நேரம் உக்காந்திருந்தாங்க. 'சார் கையத்தான் பார்த்தேன், சார் கையத்தான் பார்த்தேன்'னு அதையே சொல்லிட்டிருந்தாங்க. இப்ப வீட்டுல இருக்காங்க. அந்த சீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ஆறு வருஷம் கீழ கயிறு புடிச்சவங்க சார்."

தெரியும். அவளுக்கு அந்த சீட் வாங்கிக் கொடுத்ததே நான்தான். அதற்காகச் சண்டை போட்டவன் நான்தான். நல்லது செய்ததற்கும் கெட்டது செய்ததற்கும் ஒரே கை.

ஏப்ரல் 11, வெள்ளி

கையெழுத்துப் போட்டால் என்ன? விதி விதிதானே? அவள் நிறுத்தியிருக்க வேண்டாமா? ரூல் தெரிஞ்சவதானே? நான் ஆயிரம் சொல்வேன் —

ஆமாம், சொன்னேன். லாரிக்குப் பின்னால் நின்று சொன்னேன். யார் கேட்டார்கள்? நானும் அவளும். ரேடியோ எதையும் பதிவு செய்வதில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பேச்சு நடக்கவே இல்லை.

பெண்கள் போன பிறகு மனைவியைக் கூப்பிட்டு ஃபைலைக் கொடுத்தேன். முழுதும் படித்தாள்.

"என்ன சொல்றே?"

"கேக்குறீங்களா, சொல்றீங்களா?"

"கேக்குறேன்."

முதல் பக்கத்துக்குத் திரும்பி இன்னொரு முறை படித்தாள். அந்த இடைவெளியில் என் வாய் மூன்று முறை திறந்தது, மூன்று முறையும் மூடினேன். அதற்கே ஒரு பதக்கம் தரலாம்.

"அந்தப் பொண்ணு உங்க கைய மட்டும் பார்த்துச்சு" என்றாள். "நானும் இருபத்திரண்டு வருஷமா அதைத்தான் பார்த்துட்டிருக்கேன். எனக்கு மேசைக்குச் சக்கரம் மாட்டத் தெரிஞ்சது, தப்பிச்சேன். அந்தப் பொண்ணு அவ்வளவு உயரத்துல எதுக்குச் சக்கரம் மாட்டும்?"

எழுந்து ஃபைலை என் மடியில் வைத்துவிட்டு, அவிழ்ந்திருந்த என் கால் கட்டைச் சரியாகச் சுற்ற ஆரம்பித்தாள். வலித்தது. சொல்லவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறு வாக்குமூலம்.

ஏப்ரல் 23, புதன்

குழு முன்னால் சக்கர நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். என் வாக்குமூலம் ஏழு பக்கம். தலைப்பு, உட்தலைப்பு, வரைபடம், போர்டின் படம், லாரிக்குப் பின்னால் நான் சொன்ன வார்த்தை, தேதி, நேரம். கடைசிப் பக்கத்தில் என்மீது எடுக்க வேண்டிய நடவடிக்கைகளையும் வரிசையாகக் கொடுத்திருந்தேன். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தண்டனையையும் நீங்களே முடிவு பண்ணிட்டா நாங்க எதுக்கு சார் வந்திருக்கோம்?" என்றார். குற்றத்தை ஒப்புக்கொள்வதைக்கூட நான்தான் முன்னின்று நடத்தினேன். புத்தி என்னைவிட்டு எங்கே போகும்?

மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை.

தீர்ப்பு மதியமே வந்தது. ஆபரேட்டர் மீது குற்றமில்லை, திங்கள் முதல் வேலைக்கு வரலாம். போர்டு அகற்றப்பட வேண்டும். நான் சைகை காட்டும் பொறுப்பிலிருந்து விலக்கப்படுகிறேன். கால் சரியானதும் பட்டை, சங்கிலி சோதிக்கும் ஷெட்டில் வேலை. மூன்று சைட் பதவிக்கு வேறு ஆள். யார் என்று கேட்டேன். அன்று காற்றில் மேலே ஏற்று என்றாரே, அந்த இன்ஜினியர்.

வீட்டுக்கு வந்து அழுதேன். நியாயம் செய்துவிட்ட நிறைவில் எல்லாம் இல்லை. அந்தப் பதவி எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு என்னைவிடப் பொருத்தமானவர் அந்தக் கம்பெனியில் கிடையாது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அது உண்மையாகவும் இருக்கலாம், அதுதான் எரிகிறது.

மே 3, சனி

கொக்கி நேராக வருகிறது. மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார்.

மே 19, திங்கள்

முதல் நாள். கைத்தடியோடு போனேன்.

காலைக் கூட்டத்தை இப்போது நடத்துவது வாய்ப்பூட்டு. சைகைப் பொறுப்பை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் பேசிய பேச்சு! பதினெட்டு நிமிடம். நான் இருந்தபோது நான்கு நிமிடத்தில் முடியும். ஒவ்வொருவரையும் கேட்கிறார், ஒவ்வொருவரும் ஏதோ சொல்கிறார்கள், அதில் பாதி உதவாக்கரை. குழி மூடிகளை யார் எப்போது கழற்றினாலும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று ஒரு தச்சர் சொன்னார், அது மட்டும் உருப்படி. என் மனதில் ஒன்பது திருத்தம் இருந்தது. கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கூட்டம் முடிந்து அவர் தனியாக இருந்தபோது போனேன். "அன்னிக்கு நன்றி சொல்லல" என்றேன். "இருக்கட்டும் சார்" என்றார். வேறென்ன சொல்வார்? வேலை கிடந்தது. இரண்டு பேரும் போனோம்.

பத்தரை மணிக்குக் கண்ணாடிப் பலகைகள் ஏறின. ஷெட் வாசலிலிருந்து பார்த்தேன். ரொம்ப மெதுவாகக் காட்டுகிறார். ஒரு பட்டை சரியாக உட்காரவில்லையோ என்று சந்தேகம் வந்து நாலடி முன்னால் போனேன். அது சரியாகத்தான் இருந்தது. நான்தான் சோதித்துக் கொடுத்தது.

இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. கிரேன் நின்றிருந்தது. இரண்டு வருடத்தில் அந்தக் குரல் தானாக என்னிடம் பேசியது இதுவே முதல் தடவை. அந்த லாரித் தகராறுக்குப் பிறகு 'சரி சார்' தவிர வேறு எதுவும் அதில் நான் கேட்டதில்லை.

"சார், கோட்டைத் தாண்டி நிக்கிறீங்க. பின்னாடி போங்க."

அண்ணாந்து பார்த்தேன். வெயிலில் கூண்டுக் கண்ணாடி மட்டும் மின்னியது, முகம் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். சுமைக்குக் கீழே யாரும் வராமலிருக்க வரைந்த மஞ்சள் கோட்டுக்கு ஒரு காலடி உள்ளேதான் இருந்தேன்.

"சரிம்மா" என்றேன். பின்னால் திரும்பி, பார்த்து, நகர்ந்தேன்.